ஸ்பான்சர் அம்மாவுக்கு என் அம்மா எழுதிய கடிதம்

என்னைப் போட்டோ எடுத்த அன்று எனக்கு எட்டு வயது. கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி ஓடு போட்ட நீளமான கட்டடம் ஒன்று இருந்தது. ஊரில் எல்லோரும் அதை ‘சென்டர்’ என்பார்கள். அதன் சுவரோரம் என்னை நிற்கவைத்துக் கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்தார்கள். சிலேட்டில் சாக்பீஸால் ஒரு நம்பர் எழுதியிருந்தது. சிரிக்க வேண்டுமா வேண்டாமா என்று யாரும் சொல்லவில்லை. சிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் சந்தேகம் வந்து நிறுத்திக்கொண்டேன். அதற்குள் எடுத்துவிட்டார்கள். அந்த அரைச் சிரிப்புதான் கடல் தாண்டிப் போனது.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா தோணியில் போய் வலைபோட்டு இறால் பிடிப்பார். அம்மா அதைக் கூடையில் சுமந்துபோய் விற்பாள். நான் மூன்றாவது படிக்கும்போது திருக்கை மீனின் வால்முள் நைனாவின் பாதத்தில் குத்திவிட்டது. புண் சீழ் வைத்து, நாலு மாதம் அவரால் காலை ஊன்ற முடியவில்லை. அம்மா விடிவதற்குள் கூடையோடு கிளம்பிவிடுவாள். தம்பிக்கு அப்போது ஒரு வயது. அவனைப் பார்த்துக்கொள்ள நான் படிப்பை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பது பெரிய வார்த்தை. ஒரு திங்கட்கிழமை போகவில்லை, அப்புறம் போகவே இல்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருநாள் எங்கள் குடிசைக்கே வந்து சென்டரைப் பற்றிச் சொன்னார். ஏழைப் பிள்ளைகள் படிப்பதற்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் உதவுகிறார்களாம். ஒரு பிள்ளைக்கு ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு ஸ்பான்சர் என்று பெயர். அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. குப்பத்தில் யாரோ, “புள்ளைய கப்பல்ல ஏத்திக்கினு போயிடுவாங்க” என்று வேறு சொல்லிவைத்திருந்தார்கள். என்னை இழுத்துக்கொண்டு சென்டருக்குப் போய், அங்கே பொறுப்பாக இருந்த ஐயாவின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

“இன்னாங்க இது, மொகமே தெரியாதவ எம் பொண்ணுக்கு எதுக்குச் செலவு பண்ணணும்? அவளுக்கு எங்கிட்டேர்ந்து இன்னா வேணும்?”

“ஒண்ணும் வேணாம்மா. உங்க பொண்ணு படிக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ லெட்டர் எழுதணும். அவ்வளவுதான்.”

“லெட்டரா? அத்த வெச்சிக்கினு அவ இன்னா பண்ணுவா?”

“படிப்பாங்க.”

“படிச்சிட்டு?”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சந்தோஷப்படுவாங்கம்மா” என்றார்.

“பொண்ணு எங்கயும் போவாது இல்ல?”

“போகாது. உங்க வீட்டுலயேதான் இருப்பா. சனிக்கிழமை மட்டும் இங்க வந்தாப் போதும்.”

அம்மா கட்டை விரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினாள். வெளியே வந்ததும் அந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே, “சந்தோசப்படறதுக்கு இத்தினி டப்பு செலவு பண்றாளா ஒருத்தி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதன்பிறகு நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் அந்த வயதில் எனக்கு அவை சின்னதாகத் தெரியவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை சென்டருக்கு ஒரு டாக்டர் வருவார். என் விரலிடுக்குச் சொறிக்கு ஊதா மருந்து போட்டார். அடுத்த வாரம் நைனாவையும் கூட்டிவரச் சொல்லி அவர் காலைப் பார்த்தார். ஒரு மாதத்தில் நைனா மறுபடி தோணி ஏறினார். எனக்கு இரண்டு செட் யூனிஃபாரம், புத்தகம், நோட்டு, ஒரு ஜோடி செருப்பு. செருப்பு போட்டுப் பழக்கமில்லாததால் மணலில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பேன், தார் ரோடு வந்ததும் காலில் போட்டுக்கொள்வேன். தம்பியைப் பகலில் பார்த்துக்கொள்ள அம்மா பக்கத்து வீட்டம்மாவோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். நான் விட்ட இடத்திலிருந்தே மூன்றாவது படித்தேன். சனிக்கிழமை கோதுமை உப்புமா கிடைக்கும். குப்பத்திலிருந்து இரண்டு மைல் நடந்து, பஸ் பிடித்துப் போய் அதைச் சாப்பிட்டால் அமிர்தம் மாதிரி இருக்கும்.

கடிதம் எழுதும் வேலைக்கு ஒரு அக்கா இருந்தார். கடம்பத்தூரில் நெல் விவசாயக் குடும்பம். பி.யூ.சி. வரை படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்து, ஊருக்குள் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட இருக்காது. நாங்கள் தமிழில் சொல்வதை அவர் இங்கிலீஷில் எழுதுவார். அங்கிருந்து வருவதைத் தமிழில் படித்துக் காட்டுவார்.

“சொல்லு, உங்க ஸ்பான்சர் அம்மாவுக்கு என்ன எழுதலாம்?”

“நேத்து எங்க ஊட்டாண்ட பாம்பு வந்துச்சிக்கா. நைனா தொடப்பத்தால அடிச்சாரு, அது போவல. அப்பால கல்லால அடிச்சாரு. அப்புறம் நண்டு கடிச்சி என் வெரலு இம்மாம் பெருசா வீங்கிப்போச்சி.”

அக்கா தலையை ஆட்டிக்கொண்டே வேகமாக எழுதுவார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வரும். அக்கா படிப்பார்: “நீ நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. உங்கள் ஊரில் வானிலை நன்றாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. எங்களுக்காக நீ பிரார்த்தனை செய்வதற்கு நன்றி.”

எனக்கு ஒன்றும் புரியாது. பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே, இந்த அம்மாவுக்குப் பயமே கிடையாதா? நான் எப்போது பிரார்த்தனை செய்தேன்? வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள்போல என்று விட்டுவிட்டேன். நாலு வருஷம் இப்படியே போனது.

ஏழாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை, கடிதத்தில் ஒட்டியிருந்த ஸ்டாம்பு வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன். கை வேலையாக இருந்த அக்கா, உறையைக் கடிதத்தோடு அப்படியே கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு டிக்‌ஷனரி இருந்தது. அந்த வாரம் முழுக்க, மத்தியான மணி அடித்ததும் நானும் என் பெஞ்சுக்காரியும் அந்தக் கடிதத்தை வார்த்தை வார்த்தையாகப் பிடித்தோம். முதல் நாள் மூன்று வரிதான் புரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முக்கால்வாசி புரிந்துவிட்டது. அக்கா படித்துக் காட்டாத வரிகள் அதில் நிறைய இருந்தன.

என் ஸ்பான்சர் அம்மாவை நான் ஒரு மகாராணி என்று நினைத்திருந்தேன். மாடி வீடு, வேலைக்காரர்கள், மடியில் நாய்க்குட்டி. அவரோ ஒரு சலவைக் கம்பெனியில் துணிக்கு இஸ்திரி போடுகிறவர். “காலையிலிருந்து மாலைவரை மேஜை முன்னால் நின்றுகொண்டே வேலை. வெள்ளிக்கிழமை வருவதற்குள் என் கால்கள் அடுப்பில் வைத்த ரொட்டிபோல உப்பிவிடுகின்றன” என்று எழுதியிருந்தார். அவருக்கும் கணவருக்கும் பிள்ளைகள் இல்லை. இஸ்திரி மேஜைக்கு மேலே சுவரில் என் போட்டோவை ஒட்டிவைத்திருக்கிறாராம். கூட வேலை செய்கிறவர்கள், “உன் பெண் ஏன் பாதிதான் சிரிக்கிறாள்?” என்று கேட்கிறார்களாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

“இன்னாடி சொல்ற? அவளும் ஒயச்சித்தான் துன்றாளா?”

“ஆமாம்மா. நாளெல்லாம் நின்னுக்கினே வேலையாம். காலு வீங்கிப்போவுதாம்.”

அம்மா இறால் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். “நான் யாரோ பெரிய ஊட்டுப் பொம்பள, கையில மிச்சமா கீது, குடுக்குறான்னு நெனச்சினு இருந்தேனே. வாங்குற கை எப்பவும் கீயதான் கெடக்கும். ஒரு தபாவாவது என் கை மேல வரட்டும்” என்றாள்.

அடுத்த வாரச் சனிக்கிழமை அம்மா என்னோடு சென்டருக்கு வந்தாள். கையில் ஒரு துணி மூட்டை. அதில் அவளே பொறுக்கியெடுத்து வெயிலில் காயவைத்த இறால் கருவாடு. அக்காவின் மேஜையில் வைத்து, “இத்த அந்தம்மாவுக்கு அனுப்பு” என்றாள். அறையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் மூக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள்.

“அம்மா, கருவாடெல்லாம் அனுப்ப முடியாதும்மா. ரூல்ஸ் இருக்கு.”

“கெட்டுப்போவாதுமா, நல்லா காஞ்சது.”

அக்கா எவ்வளவு சொல்லியும் அம்மா கேட்கவில்லை. கடைசியில் மூன்று பேரும் போஸ்ட் ஆபீசுக்கே போனோம். கவுண்டரில் இருந்தவர் மூட்டையைத் தராசில் வைக்கக்கூட இல்லை. ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “இன்னாமா பேஜாரு பண்ற! இது கப்பல்ல ஒரு மாசம் போனா, கப்பல்ல கீறவன்லாம் கடல்ல குதிச்சிடுவான்” என்றார். அதற்குள் எங்கிருந்தோ ஒரு பூனை வந்து கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்துவிட்டது. அவர் பூனையைக் காட்டினார். “அட்ரஸே வாணாம், இதுவே டெலிவரி எடுத்துக்கும்.” வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டாள். ஆனால் மூட்டையைத் திரும்ப வாங்கும்போது அவள் முகம் விழுந்துபோனது எனக்குத் தெரிந்தது.

அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரோட்டில் நடந்து வரும்போது அவரே சொன்னார்: “நீங்க ஒரு லெட்டர் சொல்லுங்கம்மா. நான் எழுதுறேன்.”

நான் அந்த நேரம் பார்த்து, “நாங்க சொல்றத எழுதுவீங்களாக்கா, இல்ல நீங்களா எழுதுவீங்களா?” என்று கேட்டுவிட்டேன். டிக்‌ஷனரி விஷயத்தையும் சொன்னேன். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. கடிதம் சுருக்கமாக, இனிமையாக இருக்க வேண்டும், நோய்நொடி எதுவும் எழுதக்கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே சொல்லியிருந்தார்களாம். அங்கிருந்து வரும் கவலைகளைப் பிள்ளைகளிடம் படித்துக் காட்ட வேண்டாம் என்று அவராகவே விட்டுவிடுவாராம். “பாம்பு, நண்டுன்னு எழுதினா அந்தம்மா பயந்துடுவாங்களோன்னு நெனச்சேன். தப்புதான்” என்றார்.

சென்டரில் பெஞ்சில் உட்கார்ந்து அம்மா சொல்லச் சொல்ல, அக்கா ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். அது எனக்கு இன்றும் மனப்பாடம்.

“தோ பாரு மா, நான் அவளோட அம்மா பேசறேன். உன் காலு வீங்குதுன்னு கேட்டு எனக்கு மனசு ஒரு மாதிரியா பூட்ச்சி. நானும் நாளெல்லாம் கூடைய தூக்கிக்கினு நடக்குறவதான். வெந்நீர்ல கல்லுப்பு போட்டு ரெண்டு காலையும் அதுல வெச்சிக்கினு ஒக்காரு. அந்த நேரத்துல எந்த வேலையும் செய்யாத. உன் ஊட்டுக்காரர தண்ணி காய வெக்கச் சொல்லு. பொண்ணு நல்லாத்தான் படிக்கிறா, கணக்கு மட்டும் வர்ல. உனக்கு எறா அனுப்பலாம்னு பாத்தேன், போஸ்டாபீசுல உடல. அதனால கொயம்பு வெக்கிற விதம் சொல்றேன், எய்திக்கோ.”

அப்புறம் ஒரு முழுப் பக்கத்துக்கு இறால் குழம்பு. புளி எவ்வளவு, வெங்காயம் எவ்வளவு, எப்போது இறாலைப் போட வேண்டும், எப்போது இறக்க வேண்டும். “மொளகாத்தூள் கொஞ்சமா போடச் சொல்லு. பாவம், பயக்கம் இருக்காது” என்று முடித்தாள்.

பொறுப்பாளர் ஐயா கடிதக் கட்டுக்குக் கையெழுத்துப் போடும்போது எதையும் படிப்பதில்லை. அதையும் அப்படியே போட்டு அனுப்பிவிட்டார். ஆனால் வருகிற கடிதங்களை அவர்தான் பிரிப்பார். இரண்டு மாதம் கழித்து அவர் எங்கள் மூன்று பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு போட்டோ. தகரத் தொட்டியில் இரண்டு வெள்ளைக் கால்கள். பக்கத்தில் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு வழுக்கைத் தலையோடு ஒருவர் சிரிக்கிறார்.

“என் சர்வீஸ்ல எத்தனையோ போட்டோ பாத்திருக்கேன். கால் போட்டோ இதுதான் முதல் தடவை” என்றார் ஐயா. “என்ன எழுதி அனுப்பினே?”

அக்கா புடவைத் தலைப்பைத் திருகினார். “அவங்க சொன்னதை அப்படியே எழுதினேன் சார்.”

ஐயா கடிதத்தை எடுத்து, தமிழில் மாற்றிமாற்றி அவரே படித்தார். மூன்று பக்கம். வெந்நீர் வைத்தியத்தால் ஸ்பான்சர் அம்மாவின் கால் வலி பாதியாகக் குறைந்துவிட்டது. கூட வேலை செய்கிற பெண்களும் இப்போது அதைச் செய்கிறார்கள். புளி என்றால் என்னவென்றே அவர்கள் ஊர்க் கடைக்காரருக்குத் தெரியவில்லை, அதனால் எலுமிச்சம்பழம் பிழிந்து, டின்னில் அடைத்த இறாலைப் போட்டுக் குழம்பு வைத்தார். அவர் கணவர் ஒரு வாய் சாப்பிட்டு, நாலு டம்ளர் தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி கேட்டார். கடைசிப் பாராவை ஐயா மெதுவாகப் படித்தார்: “நாலு வருஷமாக எனக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து வந்த முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் மகளுக்குக் கணக்கு வரவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். எனக்கும் வரவில்லை.”

அம்மா போட்டோவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். “உப்பு கம்மியா போட்ருக்கா. வீக்கம் இன்னும் கீது பாரு” என்றாள்.

ஐயா அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். நான் அவர் சிரித்துப் பார்த்ததே அன்றுதான். “சரி, இனிமே பிள்ளைங்க சொல்றத அப்படியே எழுது” என்று அக்காவிடம் சொன்னார். “பாம்பு அடிச்சத மட்டும் கொஞ்சம் பாத்து எழுது.”

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் சென்டரில் ஒரே கூச்சல்தான். ஒருத்தன் தன் வீட்டு எருமை கன்று போட்டதை ஒரு மணி நேரம் சொன்னான். ஒருத்தி, பனிக்கட்டி மழை இனிக்குமா புளிக்குமா என்று கேட்டு எழுதினாள். எல்லோருக்கும் பதில் வந்துவிடவில்லை. என் பக்கத்தில் உட்காரும் கவரைப்பேட்டைப் பெண்ணுக்கு வருஷம் முழுக்க ஒரு கடிதமும் வராது. பணம் தவறாமல் வந்தது, அவள் படிப்பு நிற்கவில்லை. இருந்தாலும் கடிதம் வரும் நாளில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் அதை என் கடிதத்தில் எழுதினேன். அடுத்த முறையிலிருந்து என் உறைக்குள் அவளுக்கென்று தனியாக ஒரு சின்னக் காகிதம் இருக்கும், நாலு வரி. அவள் அதைப் பத்து தடவை படிப்பாள்.

அம்மாவும் ஸ்பான்சர் அம்மாவும் எழுதிக்கொண்டதில் என் பேச்சு வரவரக் குறைந்துவிட்டது. மழை, முழங்கால், வீட்டுக்காரர்களின் பிடிவாதம், மீன் விலை என்று அவர்கள் பாட்டுக்கு எங்கேயோ போய்விட்டார்கள். அந்தக் கடிதங்களுக்காகத்தான் அம்மா அக்காவிடம் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை போட்டபோது நாலு எழுத்துக்குக் கால் பக்கம் ஆனது.

எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்று நைனா தோணியை அப்படியே விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டிக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, வழியெல்லாம் பார்க்கிறவர்களிடம் என் நம்பரைச் சொல்லித் தேடச் சொல்லியிருக்கிறார். குப்பத்துக்கு வந்து சேருவதற்குள் ஏழெட்டுப் பேர் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் என் வாயால் கேட்க வேண்டும் என்று, ஒன்றும் தெரியாதவர்போலப் பேப்பரை நீட்டினார். கணக்கில் முப்பத்தாறு. ஆனாலும் பாஸ் பாஸ்தான். எங்கள் குப்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் வந்ததில்லை.

ஸ்பான்சர் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. அந்தச் செய்தியைப் படித்ததும் சலவைக் கம்பெனியில் எல்லோரும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கை தட்டினார்களாம். ஒரு சட்டை கருகிவிட்டதாம்.

ரோட்டோரம் அப்போதுதான் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. எருமைக் கதை சொன்ன பையன் சென்டர் உதவியில் ஐ.டி.ஐ. படித்து ஒரு பட்டறையில் ஃபிட்டரானான். நான் திருவள்ளூரில் டீச்சர் ட்ரெயினிங் சேர்ந்தேன். அதற்குள் கல்யாணமாகிக் கடம்பத்தூருக்கே திரும்பிப் போயிருந்த அக்கா, “ஹாஸ்டல் எதுக்கு? எங்க வீட்டுல இரு” என்று கூட்டிப்போய்விட்டார். தினமும் காலையில் பால் கேன்களுக்கும் கீரைக்கட்டுகளுக்கும் நடுவில் ரயிலில் நின்றுகொண்டு போவேன். அக்கா வீட்டு மாமியாருக்கு என் பேச்சைக் கேட்டால் சிரிப்பு வரும். ‘இன்னா’ என்று நான் சொல்லும் ஒவ்வொரு தடவையும் திருப்பிச் சொல்லிக் காட்டுவார். இரண்டு வருஷத்தில் அவரே ‘இன்னா’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

படிப்பு முடிந்து ஏரிக்கரையிலேயே ஒரு தொடக்கப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. அதோடு என் பெயர் சென்டர் ரிஜிஸ்தரிலிருந்து எடுக்கப்பட்டது. அம்மா அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. “அப்போ அவ இனிமே எய்த மாட்டாளா?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள்.

ஆனால் எழுதினார். அடுத்த மாதமே பள்ளிக்கூட விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அவரும் கணவரும் இன்னொரு பெண்பிள்ளைக்கு ஸ்பான்சராகியிருக்கிறார்களாம். வேறு தேசம், மலைப்பக்கம், ஆறு வயது. போட்டோவின் ஒரு பிரதியை எங்களுக்கும் அனுப்பியிருந்தார். அந்தப் பெண் கேமராவை முறைத்துக்கொண்டு நின்றாள். “முதல் கடிதத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வானிலை பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. உன் அம்மாவைக் கேட்டுச் சொல்” என்று எழுதியிருந்தார்.

நான் படித்துக் காட்டினேன். அம்மா போட்டோவை வெளிச்சத்தில் பிடித்து, அந்தப் பெண்ணின் சட்டையில் இருந்த தையலை நெடுநேரம் பார்த்தாள். யாரோ கையால் தைத்த ஒட்டு அது.

“பொண்ணுக்கு அப்பால எய்தலாம்” என்றாள். “மொதல்ல அவுங்க அம்மா எப்பிடி கீறாங்கன்னு கேக்கச் சொல்லு.”